இன்ஜீலும் சுவிசேஷமும் ஒன்றுதானா? பைபிளை இஸ்லாம் எப்படிப் பார்க்கிறது?

கிருஷ்ணகிரி ஊருக்கு மேலே, கோட்டையைச் சுமந்து நிற்கும் மலையை உள்ளூர்க்காரர்கள் சையத் பாஷா மலை என்பார்கள். கீழே ஊருக்குள் இருக்கும் கத்தோலிக்கத் திருத்தலத்துக்குப் பெயர் பாத்திமா அன்னை திருத்தலம். பாத்திமா என்றதும் முஸ்லிம்களுக்கு நினைவு வருவது நபிகள் நாயகத்தின் மகள். கத்தோலிக்கர்களுக்கு, 1917-ல் மூன்று சிறார்களுக்கு மாதா காட்சி தந்ததாக நம்பப்படும் போர்ச்சுகல் கிராமம். இரண்டுக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. போர்ச்சுகலை முஸ்லிம்கள் ஆண்ட காலத்தின் மிச்சம்தான் அந்தக் கிராமத்துக்கு ஒட்டிக்கொண்ட அந்த அரபுப் பெயர். பெயர் ஒன்று, ஆள் வேறு. ஆனாலும் உறவு விட்டுப்போகவில்லை.

குர்ஆனுக்கும் பைபிளுக்கும் இருக்கும் உறவும் ஏறக்குறைய இப்படிப்பட்டதுதான்.

அத்திப்பள்ளியைத் தொட்டால் கர்நாடகா என்று எல்லையில் இருக்கும் ஓசூரில், சிப்காட் தொழிற்சாலைகள் பல ஊர்க்காரர்களையும் பல மதத்தவரையும் ஒரே ஷிஃப்ட்டில் நிறுத்தியிருக்கின்றன. டிசம்பரில் கேக்கும், பெருநாளில் பிரியாணியும் கைமாறும்போது இந்தப் பேச்சும் வரும். “பாய், எங்க பைபிளை உங்க குர்ஆனே ஒத்துக்குதாமே?” என்பார் ஒருவர். “ஒத்துக்குதுண்ணே. ஆனா இப்ப இருக்கறது அது இல்ல, மாத்திட்டாங்க” என்பார் மற்றவர். அத்தோடு பேச்சு நின்றால் பரவாயில்லை. சில நேரம் நட்பும் நின்றுவிடுகிறது. இத்தனைக்கும் இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

மதரஸாவில் ஓதும் சிறுபிள்ளையைக் கேட்டாலும் நான்கு வேதங்களின் பெயரைச் சொல்லிவிடும். மூஸா நபிக்கு தவ்ராத், தாவூது நபிக்கு ஸபூர், ஈஸா நபிக்கு இன்ஜீல், முஹம்மது நபிக்கு குர்ஆன். கிறிஸ்தவர்கள் மோசே, தாவீது, இயேசு என்று சொல்பவர்கள்தான் இவர்கள். இறைவன் அருளிய வேதங்களை நம்புவது ஈமானின் ஆறு கடமைகளில் ஒன்று. ஆக, இன்ஜீலை நம்பவில்லை என்று ஒரு முஸ்லிம் சொல்லவே முடியாது. குர்ஆனில் இன்ஜீல் என்ற சொல் 12 இடங்களிலும், ஈஸாவின் பெயர் 25 இடங்களிலும் வருகின்றன. 19-ஆம் அத்தியாயத்தின் பெயரே மர்யம். குர்ஆன் முழுவதிலும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர்தான்.

தமிழில் இன்னொரு சுவையான ஒற்றுமை. யூதர்களையும் கிறிஸ்தவர்களையும் குர்ஆன் ‘அஹ்லுல் கிதாப்’ என்கிறது. தமிழ் முஸ்லிம்கள் அதை ‘வேதக்காரர்கள்’ என்று மொழிபெயர்ப்பதுண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் கிறிஸ்தவர்களுக்கு வெகுகாலமாக வழங்கும் பெயர் வேதக்காரர். அவர்களின் ஆலயம் வேதக்கோயில். இரண்டும் வேறு வேறு வழியில் பிறந்த பெயர்கள், நம் ஊரில் வந்து ஒன்றாகிவிட்டன.

சரி, அப்படியானால் சிக்கல் எங்கே?

‘நற்செய்தி’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான் இன்ஜீல். சுவிசேஷம் என்பதற்கும் பொருள் அதுவே. ஆனால் முஸ்லிம்கள் சொல்லும் இன்ஜீல், ஈஸா நபிக்கு இறைவன் நேரடியாக அருளிய வேதம். கிறிஸ்தவர்களின் கையில் இருப்பது, இயேசுவைப் பற்றி மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் ஆகியோரின் பெயரில் வழங்கும் நான்கு நூல்கள். இயேசு தன் கையால் நூல் எழுதியதாகக் கிறிஸ்தவர்கள் சொல்வதே இல்லை. அவர்களுக்கு இறைவனின் வார்த்தை என்பது முதலில் ஒரு புத்தகம் அல்ல, இயேசுவேதான். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். குர்ஆனும் ஈஸாவை இறைவனின் ‘வார்த்தை’ என்றே குறிப்பிடுகிறது. ஆனால் இறைவனின் மகன் என்பதை ஏற்பதில்லை. அவர் சிலுவையில் கொல்லப்படவும் இல்லை என்கிறது. இந்த இடத்தில் இரண்டு வழிகளும் பிரிந்துவிடுகின்றன. அதை மழுப்பிப் பேசுவதில் லாபமில்லை.

மாற்றியது எழுத்தையா, பொருளையா?

முந்தைய வேதங்கள் மாற்றப்பட்டன என்ற கருத்துக்கு அரபியில் ‘தஹ்ரீஃப்’ என்று பெயர். முஸ்லிம் அறிஞர்கள் எல்லோரும் இதில் ஒரே குரலில் பேசியதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மனை வியாபாரம் கொடிகட்டிப் பறக்கும் ஓசூரில் இதை விளக்குவது எளிது. பத்திரத்தில் இருக்கும் எழுத்தையே திருத்துவது ஒன்று. பத்திரம் அப்படியே இருக்க, படித்துக் காட்டுபவர் வேறு பொருள் சொல்வது இன்னொன்று. 11-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு ஹஸ்ம் முதல் கட்சி. மூல எழுத்தே சிதைந்துவிட்டது என்று கடுமையாக வாதிட்டார். 14-ஆம் நூற்றாண்டில் வரலாறு எழுதிய இப்னு கல்தூன், தவ்ராத்தை அதை நம்பும் மக்களே வேண்டுமென்று திருத்தியிருப்பார்கள் என்பதை ஏற்கவில்லை. பொருளைத் திரித்தார்கள் என்பதே பழைய அறிஞர்கள் பலரின் நிலை.

கிறிஸ்தவர்கள் பழைய ஏடுகளைக் காட்டுவார்கள். 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய் ஏட்டில் புதிய ஏற்பாடு முழுவதும் இருக்கிறது. குர்ஆன் அருளப்பட்டது 7-ஆம் நூற்றாண்டில். அதற்குப் பிறகு மாற்றியிருக்க முடியாதே என்பது அவர்கள் வாதம். நாங்கள் சொல்லும் இன்ஜீல் அந்த ஏட்டுக்கும் முந்தையது என்பது முஸ்லிம்களின் பதில். ஏடுகளை வைத்து இந்த வழக்கு முடியப்போவதில்லை. இடையில் ‘பர்னபாஸ் சுவிசேஷம்’ என்ற ஒன்றை எடுத்து நீட்டுபவர்களும் உண்டு. அது இயேசுவின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய ஆக்கம் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. அதை வைத்து வாதாடுவது வீண்வேலை.

இந்தியாவில் இந்த விவாதத்துக்குப் பெரிய வரலாறே உண்டு. 1854 ஏப்ரலில் ஆக்ராவில் ஜெர்மானிய மிஷனரி ஃபாண்டரும் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவியும் இரண்டு நாள் நேருக்கு நேர் மோதினார்கள். ஐரோப்பிய பைபிள் ஆய்வாளர்களின் நூல்களையே கைரானவி ஆயுதமாக்கினார். ஃபாண்டர் அதை எதிர்பார்க்கவில்லை. எட்டே ஆண்டுகளில், 1862-ல், சர் சையது அகமது கான் வேறு பாதையில் போனார். பைபிளுக்கு ஒரு முஸ்லிமாக அமர்ந்து விளக்கவுரை எழுதத் தொடங்கினார். ஆக்ரா விவாதம் பேசப்பட்ட அளவுக்கு இந்த முயற்சி பேசப்படவில்லை. சண்டைக்குத்தான் எப்போதும் கூட்டம் சேர்கிறது.

கிருஷ்ணகிரி, ஓசூர் முஸ்லிம் வீடுகள் பலவற்றில் புழங்கும் தக்கினி உருதுவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சென்னையில் மிஷனரியாக இருந்த பெஞ்சமின் ஷுல்ட்ஸ், 18-ஆம் நூற்றாண்டிலேயே தெற்கத்திய இந்துஸ்தானியில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் அது அரபு எழுத்தில் அச்சானது.

மொழிபெயர்ப்பு என்றதும் ஒரு நபிமொழி நினைவுக்கு வருகிறது. மதீனாவில் யூதர்கள் தவ்ராத்தை ஹீப்ருவில் படித்து, முஸ்லிம்களுக்கு அரபியில் விளக்குவார்கள். கேட்பவர்கள் என்ன செய்வது? அவர்களை உண்மை என்றும் சொல்லாதீர்கள், பொய் என்றும் சொல்லாதீர்கள். எங்களுக்கு அருளப்பட்டதையும் உங்களுக்கு அருளப்பட்டதையும் நம்புகிறோம் என்று சொல்லுங்கள் என்பது நபிகள் நாயகத்தின் வழிகாட்டல். புகாரி தொகுப்பில் இது இருக்கிறது. வேதக்காரர்களுடன் அழகிய முறையில் அல்லாமல் வாதிடாதீர்கள் என்று குர்ஆனின் 29-ஆம் அத்தியாயமும் சொல்கிறது.

வாதம் வேண்டாம், வாசிப்போம் என்று நினைப்பவர்கள் லூக்கா நற்செய்தியின் முதல் அத்தியாயத்தையும் குர்ஆனின் மர்யம் அத்தியாயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் பிள்ளை இல்லாத முதியவர் சகரியாவின் கதையைச் சொல்லிவிட்டுத்தான் மரியாளிடம் வருகின்றன. இரண்டிலும் அவர் பேச முடியாமல் போகிறார். லூக்காவில், வானதூதரின் சொல்லை நம்பாததால் வாய் அடைபடுகிறது. பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாள் வரை பேச்சில்லை. குர்ஆனில், ஓர் அடையாளம் கொடு என்று அவரே கேட்கிறார். கிடைப்பது மூன்று இரவுகளின் மௌனம்.