தேவாலயம் கட்ட மறுத்த பிரதம மந்திரி

அவர் ஸ்காட்லாந்தின் பெரிய பிரபுக்களில் ஒருவர். பிரிட்டிஷ் பிரதம மந்திரியாகவும் இருந்தவர்.

அவருடைய பண்ணையைச் சேர்ந்த மெத்லிக் என்ற ஊரில் தேவாலயம் பழுதாகிக் கிடந்தது. அதைப் புதிதாகக் கட்ட அவரிடம் வசதி இருந்தது. பக்தியும் இருந்தது. ஆனாலும் அவர் கட்ட மறுத்துவிட்டார்! அந்த வேலையைத் தன் மகனுக்கென்று விட்டுவிட்டார்.

ஏன் மறுத்தார்?

அந்தக் கதையைக் கேளுங்கள்.

அநாதைச் சிறுவன்

அவர் பெயர் அபர்டீன் பிரபு. 1784-ம் ஆண்டு எடின்பரோ நகரில் பிறந்தார். 7 வயதில் தந்தையை இழந்தார். 11 வயதில் தாயும் போய்விட்டாள். அப்போது பிரதம மந்திரியாக இருந்த பிட், சிறுவனுக்குப் பாதுகாவலர் ஆனார். 17 வயதில், தாத்தா இறந்ததும் பிரபு பட்டம் வந்தது.

ஸ்காட்லாந்தில் ஹாடோ என்ற இடத்தில் அவருடைய மாளிகை இருந்தது. சுற்றிலும் வெறும் பொட்டல் நிலம். அங்கே மரம் நடத் தொடங்கினார். ஆயுள் முழுவதும் நட்டார். அவர் நட்ட மரங்கள் 1 கோடிக்கும் மேல் என்று சொல்வார்கள்.

1812-ல் அவருடைய அருமை மனைவி காதரின் இறந்தாள். அன்று முதல் துக்க உடையை அவர் விடவே இல்லை. அவள் பெற்ற 3 பெண்களும் ஒருவர் பின் ஒருவராக இறந்தனர்.

போர்க்களத்தில்

1813-ல் அவர் ஆஸ்திரியாவுக்குத் தூதராகப் போனார். அப்போது வயது 29. லைப்சிக் நகரில் நெப்போலியனை எதிர்த்துப் பெரும் போர் நடந்தது. போர் முடிந்த களத்தை அவர் நேரில் பார்த்தார். எங்கும் பிணங்கள்! கை கால் இழந்தவர்களின் கதறல்! அந்தக் காட்சி அவர் நெஞ்சில் பதிந்துவிட்டது. போர் என்றாலே அவருக்கு வெறுப்பு.

பின்னர் வெளிநாட்டு மந்திரி ஆனார். கனடாவின் எல்லை பற்றி அமெரிக்காவோடு தகராறு முற்றியது. போர் மூளும் போல இருந்தது. 1842-லும் 1846-லும் உடன்படிக்கை செய்து, ஒரு குண்டும் வெடிக்காமல் தகராறைத் தீர்த்து வைத்தார்.

வந்தது போர்!

1852-ல், விக்டோரியா ராணியின் ஆட்சியில், அவர் பிரதம மந்திரி ஆனார்.

மறு ஆண்டே ரஷியாவுக்கும் துருக்கிக்கும் சண்டை மூண்டது. ரஷியாவை அடக்க வேண்டும் என்று இங்கிலாந்து ஜனங்கள் ஆவேசப்பட்டனர். மந்திரி சபையிலும் பாமர்ஸ்டன் பிரபு போன்றவர்கள் கடுமை காட்டச் சொன்னார்கள். அபர்டீனுக்கோ போரில் விருப்பமில்லை. ஆனால் உறுதியாகத் தடுக்கவும் இல்லை. பதவியை விட்டு விலகவும் இல்லை. 1854 மார்ச்சில் போர் அறிவிக்கப்பட்டது.

கிரிமியாவில் பட்டாளத்தார் குளிரில் நடுங்கினர். போதிய கம்பளி இல்லை; உணவு இல்லை; மருந்து இல்லை. காலராவும் சீதபேதியும் கொன்று குவித்தன. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் காயம்பட்டவர்களுக்குச் சேவை செய்யச் சென்றது இந்தப் போரில்தான்.

1856-ல் போர் முடிவதற்குள் பிரிட்டிஷார் தரப்பில் 20 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டனர். அவர்களில் முக்கால்வாசிப் பேர் நோயால் இறந்தவர்கள்!

போர் முடியும் வரை அபர்டீன் பதவியில் இல்லை. போர் நடந்த விதத்தை விசாரிக்க வேண்டும் என்று பார்லிமெண்டில் 1855 ஜனவரியில் தீர்மானம் வந்தது. அதற்கு ஆதரவு 305 ஓட்டு. எதிர்ப்பு 148 ஓட்டு. அபர்டீன் ராஜினாமா செய்தார்.

காகிதம் சொன்ன ரகசியம்

1860 டிசம்பரில் அவர் காலமானார். பிறகு அவருடைய காகிதங்களைப் பார்த்தார்கள். பைபிளில் உள்ள ஒரே பகுதியை அவர் தம் கையால் பல முறை எழுதி வைத்திருந்தார்.

அது தாவீது ராஜாவின் கதை. தாவீது கடவுளுக்கு ஆலயம் கட்ட ஆசைப்பட்டார். ஆனால் போர்களில் மிகுந்த ரத்தம் சிந்தியவர் என்பதால், அவர் கட்டக் கூடாது என்று கடவுள் தடுத்துவிட்டார். மகன் சாலமோன்தான் கட்டினார்.

தேவாலயம் கட்ட அபர்டீன் ஏன் மறுத்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

போர் வேண்டும் என்று கூவியவர்கள் பலர். அந்த ரத்தம் தம் கையில் இருப்பதாக எண்ணி வருந்தியவரோ, போரை விரும்பாத அந்த ஒருவர்!