பில் உங்களிடம், ஆப் அவர்களிடம்

செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டினால் கழுத்தில் ஆரம் தெரிகிறது. கூடத்தைக் காட்டினால் சோபா வந்து உட்காருகிறது. இப்படி ஏ.ஆர். (ஆக்மென்டட் ரியாலிட்டி) ஆப் செய்து விளம்பரம் தேட நகைக்கடைக்காரர்களும் ஃபர்னிச்சர் கடைக்காரர்களும் லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள். பண்டிகைக்குப் புது டிசைன் ஏற்றப் போகும்போதுதான் கடவுச்சொல்கூடத் தங்களிடம் இல்லை, ஆப் செய்து கொடுத்தவர்களிடம்தான் இருக்கிறது என்று தெரிகிறது.

“ஜி.எஸ்.டி. பில் இருக்கிறதே” என்கிறார்கள். பில், பணம் கொடுத்ததற்கு மட்டும்தான் சாட்சி. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, மென்பொருளின் முதல் உரிமையாளர் அதை எழுதியவர். அவர் சம்பளத்துக்கு எழுதியிருந்தால் அவருடைய நிறுவனம். காசு கொடுத்துப் போட்டோ எடுக்கச் சொன்னவருக்குச் சட்டம் தரும் சலுகை, ஆப் செய்யச் சொன்னவருக்குக் கிடையாது.

ஆகவே, 19ஆம் பிரிவுப்படி உரிமையை மாற்றி எழுதி, கையெழுத்து வாங்குங்கள். சோர்ஸ் கோட், முப்பரிமாண மாதிரிகள் இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். காலம் எழுதாவிட்டால் உரிமை 5 ஆண்டுக்குத்தான். இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். துபாயில் கிளை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாய்ப்பேச்சும் வாட்ஸ்அப் உறுதிமொழியும் இதற்கு ஈடாகாது.

அடுத்தது, ஆப்பை வெளியிடத் தேவையான டெவலப்பர் கணக்கு. கூகுள் பிளேயில் ஒரே தடவை 25 டாலர், ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர். லட்சங்களைக் கொட்டுகிறவர்கள் இந்தச் சில ஆயிரத்துக்குச் சோம்பிப்போய், “நீங்களே போட்டுவிடுங்கள்” என்று விட்டுவிடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். செய்பவருக்கு அதில் வேலைக்கான அனுமதி மட்டும் கொடுங்கள். ஏற்கெனவே அவர்கள் கணக்கில் இருந்தால், மாற்றித்தர வசதி உண்டு. ஆனால் அதை அவர்கள்தான் தொடங்க வேண்டும். எனவே கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்பே மாற்றி வாங்குங்கள்.

ஆப் வேண்டாம், இன்ஸ்டாகிராம் ஃபில்டர் போதும் என்று இருந்தவர்களுக்கும் அடி விழுந்தது. அந்த ஃபில்டர்களைச் செய்ய உதவிய மெட்டா ஸ்பார்க் தளம் 2025 ஜனவரி 14 அன்று மூடப்பட்டது. கடைகள் செய்துவைத்த ஃபில்டர்கள் அதோடு போயின. எனவே, முப்பரிமாண மாதிரிகளின் மூலக் கோப்புகளை உங்கள் ஹார்டு டிஸ்க்கில் வாங்கி வையுங்கள்.

தகராறு முற்றிவிட்டதா? வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்பதால் நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் ஏற்காது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்துபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. வழக்கின் மதிப்பு 3 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வணிக நீதிமன்றம். அவசரத் தடை தேவையில்லாதபோது, முதலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் படிவம் 1-ஐ நிரப்பி, 1,000 ரூபாய் கட்டி, சமரசத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதைச் செய்யாமல் போடும் வழக்கு நிராகரிக்கப்படும். சமரசத்துக்கு 3 மாதம். இருதரப்பும் ஒப்பினால் இன்னும் 2 மாதம். 3 லட்சத்துக்குக் குறைந்தால் அதே அலுவலகத்தில் லோக் அதாலத்துக்கு மனு கொடுக்கலாம்.

ஒப்பந்தம், பில், வங்கிக் கணக்கு அறிக்கை மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். வாட்ஸ்அப் உரையாடலின் நகலைச் சாட்சியமாகக் காட்ட, பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதுவரை அந்தப் போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள்.