களிமண் காவலும் காலக் கணக்கும்

குப்பைக் கிடங்கின் அடியில் களிமண்ணை இறுக்கிப் பரப்பினால் நிலத்தடி நீர் காக்கப்பட்டுவிடும் என்று நம்புகிறோம். நீரைத் தடுப்பதும் மாசைத் தடுப்பதும் ஒன்றல்ல. இறுகிய களிமண்ணில் நீரோட்டம் ஏறத்தாழ நின்றுவிட்டாலும், நுண்துளைகளில் தேங்கிய நீரினூடே கரைந்த மாசு, செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் பரவிக்கொண்டே இருக்கும். களிமண்ணின் தடிமனை இரட்டித்தால், மாசு கடக்கும் காலம் ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 90 செ.மீ. மண்ணடுக்கும் அதன்மேல் 1.5 மி.மீ. பிளாஸ்டிக் விரிப்பும் கேட்டன. கிடங்கை மூடியபின் குறைந்தது 15 ஆண்டுப் பராமரிப்பை விதித்தன. காரீயத்தைக் களிமண் பெருமளவு பற்றிக்கொள்ளும். பென்சீன் போன்றவையோ கிழியாத விரிப்பையும் ஊடுருவும். அவை மண்ணடுக்கைக் கடக்கப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

காவல் விலகிய பிறகு மாசு வந்து சேருமெனில் அக்காவலால் யாருக்குப் பயன்? கண்காணிப்பின் கால அளவை மாசு பரவும் வேகமே தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து.