சார்ஜருக்கு முன் எர்த்

மின்வாகனம் வாங்குவதென்று முடிவு செய்த வீட்டில் அடுத்து எழும் கேள்வி, சுவரில் எந்த சார்ஜரைப் பொருத்துவது என்பது. 7.2 கிலோவாட் பெட்டி வேகமானது, பெரியது, அதனால் சிறந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ராஜபாளையத்துக்குத் தெற்கே தளவாய்புரம், சேத்தூர், செட்டியார்பட்டி போன்ற ஊர்களில் வாழும் பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்தப் பெட்டி தேவையில்லை. மெயின் போர்டிலிருந்து தனி வயரில் வரும் ஒரு 16 ஆம்பியர் பவர் பிளக் போதும். பெட்டிக்குச் செலவிட நினைக்கும் பணத்தை வயருக்கும் எர்த்துக்கும் செலவிட்டால், வண்டிக்கும் நல்லது, வீட்டில் இருப்பவர்களின் உயிருக்கும் நல்லது.

முதலில் தேவையைக் கணக்கிடுவோம். தளவாய்புரத்திலிருந்து நைட்டிக் கட்டுகளோடு ராஜபாளையம் போய், அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை சென்று திரும்பினாலும் ஐம்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். மின்ஸ்கூட்டர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 30 முதல் 35 வாட்-மணி மின்சாரம் எடுக்கும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால், அந்த ஐம்பது கிலோமீட்டருக்கு இரண்டு யூனிட். ஸ்கூட்டரோடு வரும் 700 வாட் சார்ஜர் இதை மூன்று மணி நேரத்தில் ஏற்றிவிடும். நடுத்தர அளவு மின்காருக்கு அதே தொலைவுக்கு ஏழெட்டு யூனிட் ஆகும். பவர் பிளக்கில் 3.3 கிலோவாட் கிடைப்பதால் அதற்கும் இரண்டரை மணி நேரம் போதும். இரவு ஒன்பதுக்கு நிறுத்தி காலை ஆறுக்கு எடுக்கும் வண்டி ஒன்பது மணி நேரம் சும்மா நிற்கிறது. அந்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேவைப்படாதபோது, வேகத்தை இரட்டிப்பாக்குவதால் வீட்டுக்குக் கிடைக்கும் பயன் எதுவுமில்லை.

சுவரில் மாட்டும் பெட்டியை நாம் சார்ஜர் என்று அழைத்தாலும், காரைப் பொறுத்தவரை உண்மையான சார்ஜர் காருக்குள்ளேதான் இருக்கிறது. வீட்டுக்கு வருவது மாறுமின்னோட்டம். பேட்டரி ஏற்பது நேர்மின்னோட்டம். இந்த மாற்றத்தைச் செய்யும் கருவி வண்டியின் உள்ளே பொருத்தப்பட்டிருக்கிறது. சுவர்ப்பெட்டியின் முதன்மையான வேலை, எர்த் இருக்கிறதா என்று பார்ப்பது, ஒரு மெல்லிய சமிக்ஞை வழியாக ‘இத்தனை ஆம்பியர் வரை எடுத்துக்கொள்’ என்று வண்டிக்குச் சொல்வது, பிறகு இணைப்பைத் திறந்துவிடுவது. எவ்வளவு எடுப்பது என்பதை அந்த எல்லைக்குள் வண்டிதான் முடிவு செய்கிறது. 2020இல் வந்த டாடா நெக்ஸான் மின்காரின் உள்சார்ஜர் 3.3 கிலோவாட் மட்டுமே. 2022இல் வந்த டியாகோ மின்காரில் 3.3, 7.2 என இரண்டு வகையும் விற்கப்பட்டன. உள்ளே 3.3 இருக்கும் வண்டிக்கு வெளியே 7.2 கிலோவாட் பெட்டியை மாட்டினாலும் ஒரு நிமிடம் கூட மிச்சமாகாது. ஆகவே பெட்டியின் விலையைக் கேட்பதற்கு முன், வாங்கும் வண்டியின் உள்சார்ஜர் எத்தனை கிலோவாட் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி வயர். மின்சாரம் பாயும் பாதையில் தடை இருந்தால் வெப்பம் உண்டாகும். அந்த வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். சாக்கெட்டுக்குள் ஒரு திருகு சரியாக முறுக்கப்படாமல் பத்தில் ஒரு ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்கூட்டரின் 3 ஆம்பியரில் அங்கே உண்டாகும் வெப்பம் ஒரு வாட்டுக்கும் குறைவு, யாருக்கும் தெரியாது. காரின் 15 ஆம்பியரில் அது 22 வாட் ஆகிறது. 7.2 கிலோவாட் பெட்டியின் 31 ஆம்பியரில் 96 வாட். விரல் நுனி அளவு இடத்தில் அவ்வளவு வெப்பம் மணிக்கணக்கில் சேர்ந்தால் பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கும். மிக்சியும் அயர்ன் பாக்ஸும் ஓடுவது சில நிமிடங்கள். வண்டியோ மணிக்கணக்கில் அதே மின்னோட்டத்தை இழுக்கிறது. பத்து ஆண்டுகளாகத் தொல்லை தராத பிளக் ஒரே மாதத்தில் கருகுவது இதனால்தான். வீட்டிலேயே பவர் தையல் மெஷின் ஓடும் குடும்பங்களில், மெஷினும் வண்டியும் ஒரே வயரில் இருப்பது இன்னும் ஆபத்து. காருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, அதற்கென்றே ஒரு 20 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), தரமான சாக்கெட் ஆகியவை வேண்டும். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது. சுருளுக்குள் வெப்பம் வெளியேற வழியில்லை.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்த விரும்புவது எர்த்தை. விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி கரிசல். ஈரம் பட்டால் விரிந்து, வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் மண் அது. மழைக்காலத்தில் எர்த் குழியில் கம்பியை நன்றாகப் பற்றியிருக்கும் கரிசல், சித்திரையில் விலகிப் போகிறது. எர்த்தின் தடை பல மடங்கு கூடுகிறது. இதன் விளைவை எளிதாகக் கணக்கிடலாம். எர்த் தடை 5 ஓம் என்றால், பழுதான வண்டியின் உடலுக்கு வரும் மின்சாரம் நாற்பது ஆம்பியருக்கு மேல் மண்ணுக்குள் பாய முயலும், எம்.சி.பி. கீழே விழும். தடை 50 ஓம் என்றால் நான்கைந்து ஆம்பியர்தான் பாயும். 20 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. வண்டியின் உடலில் மின்சாரம் அப்படியே நிற்கும். அந்த நிலையில் உயிரைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.டி. மட்டுமே. அதிலும் வகை உண்டு. மின்வாகனத்திலிருந்து நேர்மின்னோட்டம் கசிந்தால் ஏ.சி. வகை ஆர்.சி.டி. செயலற்றுப் போகக்கூடும். கடையில் குறைந்தது ஏ வகை என்று கேட்டு வாங்குங்கள். காரோடு வந்த சார்ஜரில் நேர்மின் கசிவைக் கண்டறியும் வசதி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

எர்த் சரியில்லை என்றால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டி வேலை செய்ய மறுக்கும். அது சார்ஜரின் குறை இல்லை. வீட்டின் குறையைக் காட்டும் எச்சரிக்கை. ஆனால் அதை ஏமாற்ற, நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்குக்குள் இணைத்துவிடும் வழக்கம் இருக்கிறது. விளக்கு பச்சையாகிவிடும், வண்டியும் சார்ஜ் ஏறும். பிறகொரு நாள் காற்றிலோ மழையிலோ வீட்டுக்கு வரும் நியூட்ரல் கம்பி அறுந்தால், 230 வோல்ட் மின்சாரம் நேராக வண்டியின் உடலுக்கு வந்துவிடும். ஈரக் காலோடு கதவைத் தொடும் குழந்தையை எண்ணிப் பார்த்தால் எந்த வயர்மேனும் இதைச் செய்யத் துணியக் கூடாது.

மறுப்புகளைப் பார்ப்போம். கரண்ட் போனால் என்ன செய்வது? இரண்டு மணி நேரம் போனாலும் இரவில் இன்னும் ஏழு மணி நேரம் மிச்சம். பெரிய பெட்டி இருந்தாலும் கரண்ட் இல்லாத நேரத்தில் அது சுவரில் சும்மா தொங்கத்தான் செய்யும். வேகமாக ஏற்றினால் பேட்டரி கெடும் என்று எனக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்தை நான் ஏற்கவில்லை. 30 யூனிட் பேட்டரிக்கு 7.2 கிலோவாட் என்பதும் மென்மையான வேகமே. பேட்டரியை வாட்டுவது உச்சி வெயிலில் ஓட்டிவந்த சூட்டோடு சார்ஜ் போடுவதுதான். மின்கட்டணம் எகிறும் என்பதில் ஓரளவு உண்மை இருக்கிறது. 2022 செப்டம்பர் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் எரிக்கும் வீடு கட்டியது 1,125 ரூபாய். ஸ்கூட்டரால் 120 யூனிட் கூடி 500ஐத் தாண்டினால் 2,110 ரூபாய். கூடிய யூனிட் ஒவ்வொன்றுக்கும் எட்டு ரூபாய்க்கு மேல். அப்படியும் ஐம்பது கிலோமீட்டருக்கு ஆனது பதினாறு, பதினேழு ரூபாய்தான். பெட்ரோலோடு ஒப்பிட வேண்டியதே இல்லை.

தெருவையும் நினைக்க வேண்டும். நம் ஊர்களில் பரவலாகக் காணப்படும் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் கீழ் இருபது வீடுகள் ஒரே நேரத்தில் 7.2 கிலோவாட் எடுத்தால் 144 கிலோவாட், தாங்காது. 3.3 என்றால் 66. ஏற்கெனவே கோடை மாலைகளில் லோ வோல்டேஜால் தவிக்கும் தெருவுக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

வாடகைக் கார் ஓட்டுபவருக்கும், நாள்தோறும் மதுரை வரை போய்வருபவருக்கும் 7.2 கிலோவாட் பெட்டி நியாயமான செலவு. அவர்கள் மின்வாரியத்தில் கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பித்த பிறகே பொருத்த வேண்டும். நாளை பெரிய கார் வரலாம் என்று கருதுவோர், இப்போதே 6 சதுர மில்லிமீட்டர் கம்பியை இழுத்துவிட்டு, முனையில் பவர் பிளக்கை மட்டும் வைத்தால் போதும். மற்றவர்கள் வண்டிக்கு முன்பணம் கட்டும் முன் வயர்மேனை அழைத்து, கருவி வைத்து எர்த் தடையை அளந்து காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் சித்திரை, வைகாசியில் அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குக் கீழ் வந்தால் மட்டும் பிளக் எங்கே வைப்பது என்ற பேச்சைத் தொடங்குங்கள்.