காடும் தீயும் – 12: சாணப் பூஞ்சை சொன்ன சாட்சி

சென்ற வாரம் அமேசானின் கரிமண்ணில் நின்றோம். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. இந்த வாரம், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மழைக்காட்டின் ஓரத்துக்கு வனத்துறையினரே ஏன் தீ வைக்கிறார்கள் என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். போகும் வழியில் ஒரு சேற்றுப் பள்ளம் மறித்துக்கொண்டது. அதைப் பற்றிச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

அதர்ட்டன் மேட்டுநிலத்தில் இருக்கிறது லிஞ்ச் பள்ளம். பழைய எரிமலைவாய் ஏரியாகி, பிறகு சதுப்பாகத் தூர்ந்த இடம். லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சுற்றுவட்டாரத்து மகரந்தமும் கரித்துகளும் அங்கே அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. ஆய்வாளர் பீட்டர் கெர்ஷா 1970களிலிருந்து அந்தச் சேற்றைத் துளையிட்டு எடுத்துப் படித்தவர். எந்த மரம் நின்றது என்பதை மகரந்தம் சொல்லும், எப்போது எரிந்தது என்பதைக் கரி சொல்லும். சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கில் மழைக்காட்டு மரங்கள் சரிகின்றன, யூகலிப்டஸ் ஏறுகிறது, கரியும் ஏறுகிறது. மனிதன் வந்தான், தீ வைத்தான், காடு மாறியது என்றே பலரும் அதைப் படித்தார்கள்.

2012இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு, அதே சேற்றில் மூன்றாவதாக ஒன்றை எண்ணியது. ஸ்போரோர்மியெல்லா என்ற பூஞ்சையின் வித்துகள். இது சாணத்தில் வளர்வது. வித்து புல்லில் ஒட்டியிருக்கும். மேயும் விலங்கு அதைத் தின்னும். குடல் வழியே போய்ச் சாணத்தோடு வெளியே வந்த பிறகுதான் முளைக்கும். முளைத்ததும் புதிய வித்துகளைப் பக்கத்துப் புல்லின் மேல் விசிறி எறியும். மேய்கிற பெரிய விலங்குகள் குறைந்தால் இதுவும் குறையும். எலும்பு ஒன்றுகூடக் கிடைக்காத இடத்தில், சேற்றிலுள்ள வித்துகளை எண்ணியே மந்தையின் ஏற்ற இறக்கத்தைக் கணிக்கலாம்! இப்படி ஒரு வழி யாருக்கோ தோன்றியிருக்கிறதே என்று இந்த வாரம் முழுக்க வியந்துகொண்டிருக்கிறேன்.

எண்ணியதில் என்ன தெரிந்தது? சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முன் அந்த வித்துகள் சட்டென்று அருகிவிடுகின்றன. அதற்குப் பிறகுதான் கரி பெருகுகிறது. மழைக்காடு பின்வாங்குவதும் அதன் பின்னரே. விலங்குகள் முதலில் போயின, தீ பிறகு வந்தது. காண்டாமிருகம் அளவுக்கு இருந்த டைப்ரோடோடான், ஆளை விட உயரமான குறுமுகக் கங்காரு போன்றவை ஆஸ்திரேலியாவில் உலவிய காலம் அது. அவை தின்று தீர்த்த புல்லும் இலையும், அவை போன பின் தரையில் காய்ந்து குவிந்தன. குவிந்ததைத் தீ தின்றது. விலங்குகளை அழித்தது வேட்டையே என்பது அந்த ஆய்வாளர்களின் முடிவு. ஏற்காத அறிஞர்களும் உண்டு. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வரிசை. விலங்கு விட்டுப்போன மேய்ச்சல் வேலையைத் தீ எடுத்துக்கொண்டது. பின்னர் அந்தத் தீயை மனிதர்கள் தங்கள் கைப்பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்த வட்டாரத்துப் பழங்குடிகளான ஜிர்பல், கிரமாய் போன்ற மக்கள் காட்டோரத்தையும் நடைபாதைகளையும் தீயால் திறந்து வைத்திருந்தவர்கள். 1882இல் கடற்கரையிலிருந்து ஹெர்பர்ட்டன் என்ற ஊருக்கு வழி தேடி அடர்காட்டைக் கடந்த கிறிஸ்டி பால்மர்ஸ்டன், பழங்குடிகளின் பாதைகளையும் அவர்கள் துணையையும் நம்பியே நடந்தார். வழிகாட்டிய அந்த மக்களுக்குப் பின்னாளில் கிடைத்தது வெளியேற்றம். அவர்களோடு அவர்களுடைய தீயும் போயிற்று.

விளைவு வான்படத்தில் தெரிகிறது. மழைக்காட்டுக்கும் வறண்ட காட்டுக்கும் நடுவே ஒடுங்கிய பட்டையாக உயர்ந்த யூகலிப்டஸ் காடு ஒன்று உண்டு. 1940களின் படங்களை 1990களின் நிலையோடு ஒப்பிட்டபோது, அதில் யூகலிப்டஸ் கிராண்டிஸ் நின்ற பரப்பில் பாதிக்கும் மேல் மழைக்காட்டின் பிடிக்குள் போயிருந்தது. இது நமக்குத் தெரிந்த மரம்தான். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தோப்பு தோப்பாக நட்டார்கள். இங்கே அது சோலைக்கும் புல்வெளிக்கும் தொல்லை. அங்கே, தன் சொந்த மண்ணில், நிழலில் கன்று எழாமல் திணறுகிறது. அதன் விதைக்கு வெயில் படும் வெற்றுத் தரையும் சாம்பலும் வேண்டும்.

மழைக்காடு பரவினால் நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். 1988இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய காடு அது. அதன் மேல் எனக்கும் பிரியம் உண்டு. ஆனால் மஞ்சள் வயிற்றுச் சறுக்கு விலங்கு அந்தக் காட்டுப் பட்டையில் உள்ள செம்மகாகனி யூகலிப்டஸ் மரத்தின் தோலைக் கடித்துச் சாறு குடித்து வாழ்கிறது. அந்த மரம் போனால் அதற்குப் போக்கிடம் இல்லை. காட்டுக்குள் ஈரம் இருப்பதால், நேரம் பார்த்து வைத்த சிறு தீ மழைக்காட்டின் விளிம்பிலேயே அவிந்துவிடும். அது அந்த யூகலிப்டஸ் காட்டுப் பட்டையை மட்டும் திறந்துவிடும். தீ வைக்காமல் ஒதுங்கி நிற்பதும் ஒரு தரப்பை எடுப்பதுதான் என்று நான் நினைக்கிறேன்.

எந்த மாதம் வைப்பது, யார் முடிவு செய்வது, கார்ட்வெல்லைத் தலைமையிடமாகக் கொண்ட கிரிங்கன் பழங்குடி அமைப்பின் காவலர்கள் இதில் என்ன செய்கிறார்கள், நிலத்தடிக் காளான்களைத் தோண்டித் தின்னும் பெட்டாங் என்ற குட்டிக் கங்காரு இனத்துக்கு இந்தத் தீ ஏன் தேவைப்படுகிறது என்பதெல்லாம் அடுத்த வாரம்.

(தொடரும்)