சாலை யாருக்கு உரியது? – சைக்கிளும் மோட்டார் வண்டியும்

கோத்தா திங்கி நகரிலிருந்து பல திசைகளிலும் சாலைகள் பிரிந்து செல்கின்றன. தெற்கே ஜொகூர் பாருவுக்கு ஒன்று. வடக்கே மெர்சிங்குக்கு ஒன்று. மேற்கே கூலாய்க்கு ஒன்று. செம்பனைக் குலைகளைச் சுமந்த லாரிகளும், கடற்கரைக்கு விரையும் உல்லாசப் பயணிகளின் கார்களும், பேருந்துகளும் இச்சாலைகளில் இரவு பகலாக ஓடுகின்றன. அதே சாலைகளின் ஓரத்தில், வெள்ளைக் கோட்டை ஒட்டினாற்போல், சைக்கிளில் செல்வோரும் உண்டு. தோட்டத்திலிருந்து கடைத்தெருவுக்குச் செல்லும் முதியவர், வேலை முடிந்து குடியிருப்புக்குத் திரும்பும் வெளிநாட்டுத் தொழிலாளி, பள்ளிச் சிறுவன் ஆகியோரே அவர்கள். இவ்விரு சாராரும் ஒரே சாலையைப் பயன்படுத்துவது முறையா? பயன்படுத்தலாம் எனில், எவ்வாறு? உயிர்கள் சம்பந்தப்பட்ட இக்கேள்விக்கு விருப்பு வெறுப்பின்றி விடை காண்பது நலம்.

முன்னே வந்தது எது?

சாலை மோட்டார் வண்டிக்கே உரியது, சைக்கிள் அதில் இடையூறாக நுழைந்தது என்று இன்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. இங்கிலாந்தில் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, இயந்திர வண்டி ஒன்று சாலையில் வந்தால் அதற்கு முன்னே ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடக்க வேண்டும். நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், நகரத்தில் 2 மைல். அதற்கு மேல் அவ்வண்டி செல்லக் கூடாது. இந்தக் கட்டுகள் பெருமளவில் தளர்ந்தது 1896இல்தான். சைக்கிளோ, 1888ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ‘வண்டி’ என்ற தகுதியைப் பெற்றுவிட்டது. குதிரை வண்டிக்குச் சாலையில் இருந்த உரிமை சைக்கிளுக்கும் அன்றே கிடைத்தது. மேடுபள்ளமான சாலைகளைச் செப்பனிட வேண்டும் என்று அந்நாட்டில் முதலில் இயக்கம் நடத்தியவர்களும் சைக்கிளோட்டிகளே.

அதே 1888இல்தான் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் டன்லப், காற்றடைத்த ரப்பர் டயருக்குக் காப்புரிமை பெற்றார். தம் மகனின் மூன்று சக்கரச் சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக அவர் செய்த முயற்சியின் பயன் அது. அவ்வாண்டிலேயே ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் தலைமையை ஏற்று, ரப்பர் பயிரிடுமாறு மலாயாவின் தோட்டக்காரர்களை வற்புறுத்தத் தொடங்கினார். 1896இல் டான் சாய் யான் மலாக்காவில் வாணிக முறையில் ரப்பர் பயிரிட்டார். முதலில் சைக்கிள் டயரும், பின்னர் கார் டயரும் ரப்பரைக் கேட்டன. அந்த ரப்பருக்காகவே தமிழ்நாட்டிலிருந்து ஆயிரமாயிரம் பேர் கப்பலேறி வந்தனர். ஆகவே சைக்கிள், மோட்டார் ஆகிய இரண்டின் சக்கரங்களிலும் மலாயாத் தமிழரின் வியர்வை படிந்திருக்கிறது எனலாம்.

வேகமே வேறுபாடு

முன்னே வந்தது எது என்பதால் மட்டும் இன்றைய சிக்கல் தீர்ந்துவிடாது. ஆபத்தின் தன்மையை அறிய ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

மலேசியாவின் கூட்டரசுச் சாலைகளில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். அதாவது வினாடிக்கு 25 மீட்டர். மணிக்கு 18 கிலோமீட்டர் செல்லும் சைக்கிள் வினாடிக்கு 5 மீட்டர் கடக்கிறது. பின்னால் வரும் கார், சைக்கிளை வினாடிக்கு 20 மீட்டர் வீதம் நெருங்குகிறது. நேரம் இரவு; சைக்கிளில் விளக்கு இல்லை. தாழ்த்திய முன்விளக்கில் ஏறத்தாழ 50 மீட்டர் தொலைவில்தான் சைக்கிள் கண்ணுக்குப் புலப்படுகிறது என்று கொள்வோம். கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு ஒன்றரை வினாடி ஆகும். அதற்குள் 30 மீட்டர் போய்விடுகிறது. எஞ்சுவது 20 மீட்டர். காரின் வேகம் சைக்கிளின் வேகத்துக்குக் குறைய, உலர்ந்த நல்ல சாலையிலும் ஏறத்தாழ 28 மீட்டர் தேவை. மழை பெய்திருந்தால் இன்னும் கூடுதலாகும். விலக இடமில்லை எனில், மோதல் உறுதி. குடிவெறி இல்லாத, உறங்காத, வரம்பை மீறாத நல்ல ஓட்டுநருக்கும் இதுவே கதி.

அதே கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் நிலைமை தலைகீழாகிறது. உணரும் நேரம் போக 36 மீட்டர் மிஞ்சுகிறது. தேவைப்படுவதோ 6 மீட்டருக்கும் குறைவு. மேலும், மோதலின் தாக்கம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் மூன்று மடங்கானால் தாக்கும் ஆற்றல் ஒன்பது மடங்காகும்.

இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. சைக்கிளும் மோட்டாரும் சேர்ந்து செல்வதே ஆபத்து என்று சொல்ல முடியாது; அவற்றின் வேகங்களுக்கு இடையே உள்ள பெரும் இடைவெளியே ஆபத்து. அடுத்து, பின்புறம் எரியும் ஒரு சிறு சிவப்பு விளக்கு 50 மீட்டரைப் பல நூறு மீட்டராக்கி ஓர் உயிரைக் காக்க வல்லது.

ஜொகூர் பாருவில் நடந்தது

2017 பிப்ரவரி 18ஆம் நாள் பின்னிரவில், ஏறத்தாழ மூன்றரை மணியளவில், ஜொகூர் பாருவின் ஜாலான் லிங்காரான் டாலாம் சாலையில் ஒரு கார் சிறுவர் கூட்டத்தின்மேல் மோதியது. 13 வயது முதல் 16 வயது வரையுள்ள எட்டுப் பேர் மாண்டனர். அவர்கள் ஓட்டியவை ‘பாசிக்கால் லாஜாக்’ எனப்படும், வேகத்துக்காக மாற்றியமைக்கப்பட்ட சைக்கிள்கள். காரை ஓட்டி வந்தவர் 22 வயதுப் பெண்.

வழக்கு ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 2019இலும், மறுவிசாரணைக்குப் பின் 2021இலும் அவரை விடுவித்தது. 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ஆறாண்டுச் சிறையும் 6,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. 2023 ஏப்ரல் 11ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கி அவரை விடுதலை செய்தது. குற்றச்சாட்டு வரையப்பட்ட முறையிலேயே குறை இருந்தது என்பது அத்தீர்ப்பின் காரணம்.

இவ்வழக்கு நடந்த காலமெல்லாம் நாடு இரண்டு அணியாகப் பிரிந்து நின்றது. ‘பெற்றோர் எங்கே போயினர்?’ என்று ஓர் அணி கேட்டது. ‘எட்டு உயிருக்கு யார் பொறுப்பு?’ என்று மற்றோர் அணி கேட்டது. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால், பதின்ம வயதுச் சிறுவர்கள் நள்ளிரவில் நெடுஞ்சாலையைத் தங்கள் விளையாட்டுத் திடலாகக் கொள்ள நேர்ந்தது ஏன் என்ற கேள்விக்கு எந்த நீதிமன்றமும் விடை கூற இயலாது. அதற்கு ஊரார்தாம் விடை காண வேண்டும்.

பிற ஊர்களின் அனுபவம்

விபத்தைக் கண்டு சைக்கிளையே விலக்கிய ஊரும் உண்டு. சாலையைத் திருத்திய நாடும் உண்டு.

கல்கத்தாவில் 2013ஆம் ஆண்டு 174 சாலைகளில் சைக்கிள் தடை செய்யப்பட்டது. போக்குவரத்து விரைவாகும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். அடி விழுந்தது பால்காரர்மேலும், செய்தித்தாள் போடுவோர்மேலும், நெடுந்தொலைவிலிருந்து வேலைக்கு வரும் ஏழைகள்மேலும்தான். பெரும் எதிர்ப்பு எழவே, பின்னர்த் தடைச் சாலைகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது.

நெதர்லாந்து வேறு வழியில் சென்றது. அங்கு 1971இல் மட்டும் சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் வீதிக்கு வந்து, ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்ற பெயரிலேயே இயக்கம் நடத்தினர். அதன்பின் விரைவுச் சாலைகளின் அருகே சைக்கிளுக்கெனத் தனிப்பாதைகள் அமைந்தன. குடியிருப்புத் தெருக்களில் காரின் வேகம் 30 கிலோமீட்டருக்குக் குறைக்கப்பட்டது. வேகம் மிகுந்த இடத்தில் பிரிவு, வேகம் குறைந்த இடத்தில் கலப்பு என்பதே அவர்கள் கண்ட கொள்கை. 2020இல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலக நாடுகளின் சாலைப் பாதுகாப்பு மாநாடும், நடப்போரும் சைக்கிளோட்டிகளும் வாகனங்களோடு கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

பாலத்துக்கு அப்பாலுள்ள சிங்கப்பூர் ஒழுங்குமுறையை நாடியது. அங்கு விரைவுச் சாலைகளில் சைக்கிளுக்கு இடமில்லை. 2022 ஜனவரி முதல், வரிசையாகச் செல்லும் சைக்கிள் கூட்டத்தில் ஐவருக்கு மேல் இருக்கலாகாது. ஒரே தடம் உள்ள சாலையில் இருவர் இணையாகச் செல்லலாகாது.

மலேசியாவுக்கும் இது புதிய பாடமன்று. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில் 1970களிலேயே இருசக்கர வண்டிகளுக்குத் தனித்தடம் அமைக்கப்பட்டது. 1990களில் அது நீட்டிக்கப்பட்ட பகுதியில் மோட்டார் சைக்கிள் விபத்துகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இந்நாட்டில் 2023இல் சாலை விபத்துகளில் 6,443 பேர் இறந்தனர். ஆண்டுதோறும் மாண்டோரில் ஏறத்தாழ மூவரில் இருவர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இரண்டு சக்கரத்தில் செல்வோரை நான்கு சக்கரத்தின் வேகத்திலிருந்து பிரிக்க வேண்டியதன் அவசியம் இதனால் விளங்கும்.

செய்ய வேண்டுவது யாது?

எல்லாச் சாலைகளுக்கும் ஒரே விதி பொருந்தாது. கடைத்தெரு, பள்ளிக்கூடத் தெரு, தோட்டக் குடியிருப்பு ஆகிய இடங்களில் சைக்கிளும் காரும் சேர்ந்தே செல்லலாம். ஆனால் கார்தான் சைக்கிளுக்கு ஏற்ப மெதுவாகச் செல்ல வேண்டும். செனாய்–டெசாரு போன்ற விரைவுச் சாலைகளில் சைக்கிளுக்கு இடமில்லை என்பது சரியே. மாற்றுச் சாலைகள் அங்கு இருக்கின்றன. சிக்கல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சாலைகளில்தான். மெர்சிங் சாலை போன்றவற்றைத் தவிர அங்கு வாழ்வோருக்கு வேறு வழி இல்லை. அவர்களைச் சாலையிலிருந்து விலக்குவது வீட்டிலேயே அடைத்து வைப்பதற்கு ஒப்பாகும். அவர்களுக்கு வேண்டியவை, தார் போட்ட அகலமான சாலை ஓரமும், குடியிருப்புகளை ஒட்டிய பகுதிகளிலேனும் தனிப்பாதையும், குறைந்த வேக வரம்புமே.

அரசு செய்யும்வரை காத்திராமல் ஒவ்வொருவரும் செய்யக் கூடியவையும் உள. சைக்கிளுக்கு முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் பொருத்துவது, பிரேக்கைச் சீராக வைத்திருப்பது, இரவில் வெளிர்நிற ஆடை அணிவது, இடப்பக்கம் திரும்பும் லாரியின் பக்கவாட்டில் நுழையாதிருப்பது ஆகியவை சைக்கிளோட்டியின் கடமை. திரும்பும் லாரியின் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உட்புறமாக வெட்டி வரும் என்பதைச் சிறுவர்களுக்குப் பள்ளியிலேயே கற்பிக்க வேண்டும். முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுவதும், விட இடமில்லையேல் பின்னால் பொறுத்து வருவதும் மோட்டார் ஓட்டியின் கடமை. அதற்குச் செலவாவது அரை நிமிடம்.

சாலை என்பது ஊரார் அனைவரின் வரிப்பணத்தால் ஆன பொதுச் சொத்து. வலியவன் வழிவிட்டால்தான் எளியவன் அதில் நடமாட முடியும். வெள்ளைக் கோட்டை ஒட்டிச் செல்லும் அந்த முதியவரும் அந்தச் சிறுவனும் பொழுது சாய்வதற்குள் நலமாக வீடு சேர்கின்றனரா என்பதைக் கொண்டே ஒரு சாலை நல்ல சாலையா என்று மதிப்பிட வேண்டும்.