வல்லாரை வடிசாறு: வீட்டில் செய்யும் முறையும் எச்சரிக்கையும்

பகல் முழுதும் மேட்டுநிலத்தில் உழைத்த கமக்காரருக்கு இரவில் மன அமைதியும் நல்ல உறக்கமும் இன்றியமையாதன. நுவரெலியா, ஹற்றன் பகுதிகளின் ஈரநிலங்களில் இயல்பாக வளரும் வல்லாரை, இலங்கையில் நெடுங்காலமாகச் சம்பலாகவும் இலைக்கஞ்சியாகவும் உண்ணப்பட்டு வருகின்றது. மனத்தை ஆற்றும் மூலிகையாகவும் இதனைக் கருதுவர்.

மதுசாரம் வேண்டாம்

மூலிகையை மதுசாரத்தில் ஊறவைத்து அதன் சாரத்தைப் பிரித்தெடுப்பது பழைய முறை. 1861ஆம் ஆண்டு ஹக்கலப் பூங்காவில் பயிரிடப்பட்ட சிங்கோனா மரத்தின் பட்டையும் இவ்வாறு மருந்தாக்கப்பட்டதுண்டு. ஆயினும் இது மருந்தாளர் அளந்து செய்யும் வேலை. கசிப்பையோ, விளக்குக்கும் வர்ணப்பூச்சுக்கும் விற்கும் ஸ்பிரிட்டையோ இதற்குப் பயன்படுத்துதல் ஒருபோதும் கூடாது. இவற்றில் மெதனோல் என்னும் நஞ்சு இருக்கக்கூடும். அது சிறிதளவே உட்கொள்ளப்படினும் கண்பார்வையைப் போக்கும், உயிரையும் பறிக்கும். கொதிக்க வைத்தாலும் வடிகட்டினாலும் அந்நஞ்சு நீங்கிவிட்டதென நம்ப இயலாது.

இலை எங்கே பறிப்பது?

உருளைக்கிழங்கு, லீக்ஸ் பாத்திகளுக்குக் கீழுள்ள கான்களில் வல்லாரை செழித்து நிற்கும். அதனைப் பறித்தல் ஆகாது. மேலே தெளிக்கும் பூச்சிகொல்லி மழைநீருடன் அங்கேயே வந்து சேரும். மலகூடத்துக்கு அண்மையிலுள்ள ஈரநிலமும் ஏற்றதன்று. மருந்து படாத இடத்தில் ஒரு சிறு பாத்தி அமைத்து, மக்கிய எரு இட்டு, வேருடன் கூடிய ஓடுதண்டுகளை அரையடி இடைவெளியில் நடுதல் நன்று. அரைநிழலும் இடைவிடாத ஈரமும் போதுமானவை.

செய்முறை

1. சுமார் 200 கிராம் பச்சை இலையை ஓடும் நீரில் பலமுறை கழுவி, நீர் வடியவிடுக. உலர்ந்தபின் இது ஏறத்தாழ 25 கிராமாகும்.

2. மூடுபனிக் காலத்தில் வெளியே வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகையால் அடுப்புக்கு மேலே, புகை படாத பரணில் மெல்லியதாகப் பரப்புக. காம்பு மடித்தவுடன் ஒடியவேண்டும்.

3. உலர்ந்த இலையை நொறுக்கி, கொதிநீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் போத்தலில் இடுக. உணவுக்குரியதெனக் குறிக்கப்பட்ட கிளிசரின் 150 மில்லிலீற்றரையும், கொதித்தாறிய நீர் 50 மில்லிலீற்றரையும் கலந்து ஊற்றுக. இலை முழுதும் அமிழ்ந்திருத்தல் வேண்டும்.

4. வெயில் படாத இடத்தில் மூன்று வாரம் வைத்து, நாள்தோறும் குலுக்கி, பின் துணியில் வடித்து, செய்த நாளை எழுதி ஒட்டுக. புளித்த மணமோ பூஞ்சணமோ தோன்றின் கொட்டிவிடுக.

இரவில் ஒரு தேக்கரண்டியை இளஞ்சூடான நீரில் கலந்து பருகலாம். கிளிசரின் கிடையாவிடின், உலர்ந்த இலை ஒரு தேக்கரண்டியைக் கொதிநீரில் பத்து நிமிடம் மூடிவைத்து வடித்தாலும் போதும்.

தவிர்க்கவேண்டியோர்

கருவுற்றோர், பாலூட்டுவோர், குழந்தைகள், ஈரல் நோயாளர், உறக்க மாத்திரை உண்போர் ஆகியோர் இதனைத் தவிர்க்க. நெடுநாள் மிகுதியாக உண்ட சிலருக்கு ஈரல் பழுதுற்றதும் உண்டு. ஆதலின் சில வாரங்களுக்கு மேல் தொடர்தல் வேண்டாம். இரண்டு வாரம் கடந்தும் உறக்கம் வாராதெனில், அல்லது மனச்சோர்வு மிகுமெனில், மருத்துவரை நாடுதலே முறை. வல்லாரை உறுதுணையேயன்றி, சிகிச்சைக்கு மாற்றன்று.